பெங்களூரிலிருந்து ஆசிய விளையாட்டு குமிதே வரை: மகளை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் அல்சூரில் எங்கள் தெரு முனையில் இருந்த கராத்தே கிளாஸில் சேர்ந்தபோது அவளுக்கு 9 வயது. இப்போது 19. இந்தப் பத்து வருடத்தில் இரண்டு வருடம் முழுசாக வீணாகிவிட்டது. அவள் பயிற்சியில் குறை வைக்கவில்லை. எந்த அமைப்பின் போட்டியில் ஆட வேண்டும், எந்தக் காகிதத்தில் பெயர் எப்படி இருக்க வேண்டும், எந்த எடைப் பிரிவில் பெயர் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்களான எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லித்தரவும் யாரும் இல்லை.

உங்கள் பெண் குமிதே, அதாவது கராத்தேயில் இருவர் நேருக்கு நேர் மோதும் பிரிவு, ஆடுகிறாள், ஆசிய விளையாட்டுப் போட்டி போன்ற ஒரு மேடைக்கு அவள் போக வேண்டும் என்று வீட்டில் யாராவது ஒருவராவது நினைக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக. உதை எப்படி விடுவது என்பதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். நான் சொல்லப்போவது மற்றதெல்லாம்.

1. கிளாஸ் எந்த அமைப்பின் கீழ் வருகிறது என்று முதலில் கேளுங்கள்

பெங்களூரில் எந்த ஏரியாவில் பார்த்தாலும் ஒரு கராத்தே போர்டு இருக்கும். பாதிப் போர்டுகளில் உலக உருண்டைப் படமும் ‘இன்டர்நேஷனல்’ என்ற வார்த்தையும் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆசிய விளையாட்டுக்குப் போகும் ஏணி ஒன்றுதான். கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய அமைப்பு, அதற்கு மேல் ஆசிய கராத்தே கூட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே மாட்ரிட்டில் இருக்கும் உலக கராத்தே கூட்டமைப்பு. இந்திய அணியின் பெயர்களை ஆசிய விளையாட்டுக்கு அனுப்புவது இந்திய ஒலிம்பிக் சங்கம். இந்த ஏணியில் இல்லாத எந்தப் போட்டியில் எத்தனை தங்கம் வாங்கினாலும் தேர்வு நேரத்தில் அது கணக்கில் வராது.

ஷோட்டோகான், கோஜுரியு, ஷிட்டோரியு, வாடோரியு என்று ஒவ்வொரு பாணிக்கும் தனித்தனி உலக அமைப்புகள் உண்டு. அவை தங்களுக்குள் ‘உலக சாம்பியன்ஷிப்’ நடத்தும். போய் ஆடினால் அனுபவம் கிடைக்கும், தப்பில்லை. ஆனால் அது வேறு ஏணி.

நாங்கள் விழுந்த குழி இதுதான். மகளுக்கு 13 வயதில் வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் போட்டி என்று சொல்லி, பதிவு, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் வாங்கினார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம். அவள் பிரிவில் மொத்தம் நான்கு பெண்கள், அதில் இரண்டு பேர் அவளோடு ஒரே விமானத்தில் வந்தவர்கள். தங்கம் வாங்கி வந்தாள், தெருவில் பேனர்கூட வைத்தார்கள். அடுத்த வருடம் மாநிலத் தேர்வில் அந்தச் சான்றிதழை நீட்டினேன். மேஜையில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மகள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் போட்டி உலக கராத்தே கூட்டமைப்பின் நாள்காட்டியில் இருக்கிறதா? தேசிய அமைப்பு மூலமாகத்தான் பதிவா, இல்லை யார் பணம் கட்டினாலும் சேர்த்துக்கொள்வார்களா? போன முறை இவள் பிரிவில் எத்தனை நாடுகளிலிருந்து எத்தனை பேர் ஆடினார்கள்? மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தேசிய அமைப்பு எது என்பதை உலக கராத்தே கூட்டமைப்பின் இணையதளத்தில் இருக்கும் நாடு வாரியான பட்டியலில் பாருங்கள். கர்நாடகத்தில் அதன் கிளை எது என்று அந்தத் தேசிய அமைப்பிடமே கேளுங்கள். மாஸ்டர் நல்லவராக இருப்பார், ஆனால் அவருக்குத் தெரிந்தது பழைய தகவலாக இருக்கலாம். இந்தியாவில் கராத்தேவுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு சமீப வருடங்களில் மாறியிருக்கிறது. ஆகவே வருடா வருடம் ஜனவரியில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இன்னொன்று. கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது 2020 டோக்கியோவில் மட்டும்தான், அதுவும் 2021இல் நடந்தது. 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலிலும் இல்லை. காமன்வெல்த் விளையாட்டிலும் கராத்தே கிடையாது. காமன்வெல்த் கராத்தே சாம்பியன்ஷிப் என்பது வேறு போட்டி. ‘ஒலிம்பிக் பயிற்சி’ என்று தனிக் கட்டணம் கேட்டால் இதை நினைவில் வையுங்கள். ஆசிய விளையாட்டில் 1994 முதல் கராத்தே இருக்கிறது. 2026 போட்டி ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. 2030இல் தோஹா. உங்கள் பெண்ணின் வயதை இந்த வருடங்களோடு வைத்துப் பாருங்கள். சீனியர் பிரிவு 18 வயதில் தொடங்குகிறது.

2. ஸ்கோர்போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெற்றோருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கையால் அடித்துப் பெறும் புள்ளி யூகோ, 1. உடம்பில் உதைத்தால் வசாரி, 2. தலை உயரத்தில் உதைத்தாலோ, எதிராளியைக் கீழே தள்ளி உடனே அடித்தாலோ இப்பொன், 3. எட்டுப் புள்ளி முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. சமனில் முடிந்தால், எதிராளி அதே கணத்தில் புள்ளி எடுக்காமல் முதலில் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. இந்த முதல் புள்ளியின் சாதகத்துக்குப் பெயர் ‘சென்ஷு’. சீனியர் பெண்களுக்கு மூன்று நிமிடம். களம் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர்.

இதில் அதிகம் தோற்பது அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை, அடியை நிறுத்தத் தெரியாதவர்கள். முகத்துக்குப் போகும் கை தோலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சிறு வயதுப் பிரிவுகளில் இன்னும் கண்டிப்பு. டோக்கியோவில் ஆண்கள் 75 கிலோவுக்கு மேல் இறுதிப் போட்டியில் சவூதி வீரர் தாரெக் ஹமேதியின் உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். முன்னிலையில் இருந்த ஹமேதி, அளவுக்கு மீறிய அடி என்று தகுதி நீக்கப்பட, மயங்கியவருக்குத்தான் தங்கம். உங்கள் பெண் கிளாஸில் ‘ஃபுல் கான்டாக்ட்’ பழகுகிறாள் என்றால் மாஸ்டரிடம் இப்போதே பேசுங்கள். தசைக்குப் பழகியது மேடையில் மாறாது.

விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. யூடியூபில் பழைய ஆட்டங்களைப் பார்த்துக் கற்றதை நம்பாமல், கூட்டமைப்பின் தளத்தில் நடப்பு விதிப் புத்தகத்தை இறக்கி, குமிதே அத்தியாயத்தை மட்டுமாவது மகளோடு உட்கார்ந்து படியுங்கள்.

3. எந்த மாநிலத்துக்கு ஆடுகிறாள்?

பெங்களூர்த் தமிழர்களான நம்மில் பலருக்கு ஆதாரில் ஊர் முகவரி இருக்கும், படிப்பும் பயிற்சியும் பெங்களூரில் இருக்கும். மாவட்டப் போட்டி வரை யாரும் கேட்கமாட்டார்கள். மாநிலத் தேர்வில் கேட்பார்கள். கர்நாடகாவா, தமிழ்நாடா என்று முதலிலேயே ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். நடுவில் மாற்றினால் பழைய சங்கத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்கு அலைய நேரும்.

கர்நாடகா என்றால் ஆதார் முகவரியை மாற்றுங்கள், பள்ளியில் அல்லது கல்லூரியில் படிப்புச் சான்றிதழ் வாங்குங்கள். முகவரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர் அப்படி இல்லை, அதற்கு அடுத்து வருகிறேன்.

4. பெயர், பெயர், பெயர்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். எங்களுக்கு ஒரு வருடத்தைத் தின்றது இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். உதாரணத்துக்கு மீனா என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘மீனா’. பள்ளியில் ‘எஸ். மீனா’. ஆதாரில் ‘மீனா எஸ்’. பாஸ்போர்ட் எடுக்கும்போது ஏஜென்ட் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு ‘மீனா சண்முகம்’ ஆக்கிவிடுவார். நம் ஊரில் இவர்கள் எல்லாரும் ஒரே பெண் என்று ஆட்டோ ஓட்டுநருக்குக்கூடத் தெரியும். தில்லியில் சரிபார்ப்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நான்கு பெண்கள்.

என் மகளுடைய ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார் அந்த மேஜையில் இருந்த அம்மா. பெயர் முடிந்து இனிஷியலில் பேனா நின்றது. “இந்த எழுத்து என்ன?” என்று இந்தியில் கேட்டார். அப்பா பெயர் என்றேன். “அப்பா பெயர் என்றால் முழுதாக எங்கே?” என்றார். காட்ட என் கையில் எதுவும் இல்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. எடை பார்க்கும் நேரம் முடிவதற்குள் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அவர் வேலையைத்தான் அவர் செய்தார்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிறந்த பல பிள்ளைகளின் பதிவில் பெயர் இடம் காலியாகவே இருக்கும், ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருடத்துக்குள் சேர்ப்பதுதான் விதி. பிறந்த ஊரின் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியில்தான் இது நடக்கும், பெங்களூரில் முடியாது. பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கி முடித்துவிடுங்கள். பண்டிகை விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடைசிப் பெயர் என்ன என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். என் யோசனை: இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதுங்கள், அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடச் சட்டப்படி இடம் உண்டு. ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சிறுவர்களுக்கான உலகக் கூட்டமைப்பின் யூத் லீக் போட்டிகளில் ஒன்று அங்கே, ஃபுஜைராவில், நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விமானக் கட்டணம் கட்டுப்படியாகும் தூரத்தில் இருப்பதும் அதுதான். இதற்காகவே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

மூன்றாவது ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டே தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு தடவை. அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். முடிவெடுத்த எழுத்துகளைத் தாளில் பெரிதாக எழுதி எடுத்துப்போய், கணினித் திரையில் அவர்கள் அடித்ததை நீங்களே வாசித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

நான்காவது பள்ளி. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்புப் பதிவில் போகும் பெயர்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வரும். அதற்கு முன்னால் மாற்றினால் ஒரு கடிதத்தோடு முடியும். அதற்குப் பிறகு என்றால் அலைச்சல்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட்.

5. பாஸ்போர்ட்

தேர்வானதும் எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். ஆசிய விளையாட்டு போன்ற போட்டிகளுக்கு உத்தேச வீரர் பட்டியல் பல மாதம் முன்பே போய்விடும், அதில் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். மாநில அளவில் முதல் பதக்கம் வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

பெங்களூரில் லால்பாக் ரோட்டிலும் மாரத்தஹள்ளியிலும் சேவா கேந்திரங்கள் இருக்கின்றன. 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழே 1,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். 15 வயது முடிந்திருந்தால் 1,500 கட்டிப் பத்து வருடப் புத்தகமாகவே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சரியாகச் சீனியர் பிரிவுக்குள் நுழையும் வயதில் புத்தகம் காலாவதியாகி நிற்பீர்கள். சிறுவர் விண்ணப்பத்துக்கு அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எடை

சீனியர் பெண்கள் குமிதேயில் ஐந்து பிரிவுகள்: 50 கிலோ வரை, 55 வரை, 61 வரை, 68 வரை, 68க்கு மேல். பல விளையாட்டுகள் சேர்ந்த போட்டிகளில் சில சமயம் பிரிவுகளைச் சேர்த்துவிடுவார்கள். டோக்கியோவில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள்: 55 வரை, 61 வரை, 61க்கு மேல். ஐம்பது கிலோப் பெண்கள் 55க்குள் மோத வேண்டி வந்தது. போட்டி அறிவிப்பில் பிரிவுகளைப் பார்க்காமல் எடைத் திட்டம் போடாதீர்கள்.

முதலில் வீட்டுத் தராசு நம்பத்தக்கதா என்று பாருங்கள். நான் செய்வது இது: மகள் ஏறி நிற்பாள், எண்ணைக் குறிப்பேன். பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுவாள். வித்தியாசம் 5க்கு மேலே கீழே ஆடினால் தராசைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். எங்கள் முதல் தராசு 4.6 காட்டியது. அதை நம்பி ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தோம்.

அப்புறம் மூன்று மாதம், தினமும் காலையில் கழிவறை போய் வந்த பிறகு, வெறும் வயிற்றில் எடை எழுதுங்கள். பக்கத்தில் மாதவிடாய் தேதியையும் எழுதுங்கள். இதை எந்த மாஸ்டரும் எங்களிடம் சொல்லவில்லை, ஆண் மாஸ்டர்களுக்குச் சொல்லக் கூச்சம். என் மகளுக்கு அந்த நாட்களுக்கு முந்திய வாரம் உடம்பில் நீர் கட்டி ஏறக்குறைய ஒரு கிலோ ஏறும், பிறகு தானே இறங்கும். போட்டித் தேதி அந்த வாரத்தில் விழுந்தால் அந்த ஒரு கிலோவை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். அது கொழுப்பு இல்லை, பட்டினியால் போகாது.

எந்தப் பிரிவு என்பதில் என் கருத்து உறுதியானது. வளரும் பெண்ணின் சாதாரண எடை பிரிவின் எல்லைக்கு மேலே இருந்தால் அடுத்த பிரிவில் ஆடவிடுங்கள். எங்களுக்குப் புத்தி வந்தது ஒரு தேர்வில்தான். 50க்குள் பெயர் கொடுத்திருந்தோம், முந்தின இரவு 50.9 இருந்தாள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு லாட்ஜ் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு எச்சில் துப்பிக்கொண்டே இருந்தாள். காலையில் 49.9 வந்தது, எல்லாரும் கை தட்டினோம். முதல் ஆட்டத்தில் இரண்டாவது நிமிடத்தில் அவள் கால் தரையை விட்டு எழும்பவில்லை. அந்த வலியை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த வருடம் 55க்குள் ஆடினாள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

கடைசி வாரத்தில் நாங்கள் செய்வது: ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், ஹோட்டல் சாம்பார் நிறுத்தம். உப்பு குறைந்தால் நீர் குறையும். காலையில் இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, கூட்டு, முட்டை, இரவு ராகிக் களியோ சப்பாத்தியோ. தண்ணீரை நிறுத்துவதில்லை.

எடை பார்க்க ஒரு குறிப்பிட்ட நேரம் கொடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் முடிந்தது, கெஞ்சிப் பயனில்லை. பெண்களுக்குத் தனி அறை, பெண் அதிகாரிகள் இருக்க வேண்டும். இல்லை என்றால் அங்கேயே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

7. சாமான்களும் செலவும்

குமிதேயில் ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பெல்ட், கையுறை, கணைக்கால் காப்பு (ஷின் கார்ட்), பாதக் காப்பு எல்லாமே இரண்டு நிறத்திலும் வேண்டும். முதல் போட்டிக்குப் புதியவர்கள் ஒரு நிறம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். நாங்களும் நின்றோம், முன்பின் தெரியாத ஒரு ஓசூர்ப் பெண் கழற்றிக் கொடுத்தாள்.

கையுறையில் உலகக் கூட்டமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டத்தில் விட்டுவிடுவார்கள், மேலே போகப் போக விடமாட்டார்கள். இவற்றோடு பல் காப்பு, உடல் காப்பு, பெண்களுக்கான மார்புக் காப்பு. பல்லில் கம்பி போட்டிருந்தால் நடுவரும் போட்டி மருத்துவரும் அனுமதிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் கடிதம் வாங்கிவையுங்கள். மூக்குத்தி, தோடு, உலோக ஹேர்பின் எதுவும் கூடாது. போட்டி வருடத்தில் மூக்கு குத்தாதீர்கள், ஆறுவதற்கு முன் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். மேல்சட்டைக் கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் பாதி வரையாவது வர வேண்டும், மடித்துவிடக் கூடாது. உள்ளே வெள்ளை டீ-ஷர்ட் போடலாம். கண்ணாடிக்கு அனுமதி இல்லை, மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம்.

எங்கள் கணக்கில் இரண்டு நிறச் சாமான்களும் நல்ல சீருடையும் சேர்த்து 16,000 ரூபாய் ஆனது. தேசியப் போட்டிக்கு இரண்டு பேர் போய் வர, தங்க, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 24,000. சாமான்களை முதல் வருடமே புதிதாக வாங்க வேண்டாம். 18 வயது தாண்டிய அக்காக்களிடம் உடல் காப்பு நல்ல நிலையில் கிடைக்கும். பல் காப்பு மட்டும் புதிது.

8. மருந்து வாங்குவதற்கு முன்

தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, அதாவது நாடா, தேசியப் போட்டிகளிலும் சோதிக்கலாம். உடம்பில் என்ன கிடைத்தாலும் பொறுப்பு ஆடுபவருடையது. ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாகிறது.

எடை குறைக்க நீர் இறக்கும் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரூசெமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை எப்போதுமே தடை. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் தடை. ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் போட்டிக் காலத்தில் தடை. ஆஸ்துமா இன்ஹேலரில் சால்புட்டமால் அளவோடு அனுமதி. மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெத்திஸ்டரோன் தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் சிறுநீரில் அது வேறொரு தடைப் பொருளின் சாயலைக் காட்டக்கூடும். எடுத்திருந்தால் சோதனைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். ஜிம்மில் விற்கும் பவுடரும், லேபிள் இல்லாத லேகியமும் வேண்டவே வேண்டாம்.

சோதனைக்கு அழைத்தால் குறைந்தது 90 மில்லி சிறுநீர் கேட்பார்கள், பெண் அதிகாரிதான் கூட வருவார். 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு பெரியவர் உடன் இருக்கலாம். முன்னாலேயே மகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். முதல் தடவை யாரும் சொல்லாமல் நடந்தால் பயந்துவிடுவாள்.

9. பயணமும் உடன் வருபவர்களும்

தேசியப் போட்டிகள் பெரும்பாலும் வடக்கே. தில்லி தால்கடோரா உள்ளரங்கில் நடந்திருக்கின்றன. பெங்களூரிலிருந்து ராஜதானியில் போனாலும் ஒன்றரை நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, தேதி அறிவிப்போ அதற்குப் பிறகுதான் வரும். தட்கல் முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி.க்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் திறக்கும். ஆதார் இணைத்த கணக்கு இப்போதே தயாராக இருக்கட்டும். எடை பார்க்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். தால்கடோரா என்றால் கரோல்பாக்கில் தங்கினால் இட்லி கிடைக்கும். ஜனவரி என்றால் நம் பிள்ளைகளின் கால் அங்கே மரத்துப்போகும், வழக்கத்தைவிட இருபது நிமிடம் அதிகம் ஓடவிட்டுத் தயார் செய்யுங்கள்.

அணியோடு தனியாக அனுப்புகிறீர்கள் என்றால், பெண் பயிற்சியாளர் அல்லது பெண் மேலாளர் யார் என்று பெயரோடு கேளுங்கள். வீராங்கனைகள் இருக்கும் அணியோடு பெண் பயிற்சியாளர் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. இது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை.

தேசியத் தங்கம் வாங்கினாலே ஆசிய விளையாட்டுக்கு டிக்கெட் என்று நினைக்க வேண்டாம். ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். அதற்கு மேல் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அளவுகோல். 2023 ஹாங்சோவுக்கு, தனிநபர் விளையாட்டுகளில் முந்தைய 12 மாதச் செயல்பாடு 2018 ஆசிய விளையாட்டில் எட்டாமிடம் பெற்றவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆகவே ஆசிய சாம்பியன்ஷிப் முடிவுகளைச் சேகரிப்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

10. தேர்வு நாள்

ஒரு ஃபைலில் இந்த வரிசையில்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், மாநிலச் சங்கத்தின் கடிதம், மருத்துவத் தகுதிச் சான்று, ஆறு பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். அசல்கள் உங்கள் தோள்பையில் இருக்கட்டும், மகளின் கிட் பேக்கில் வேண்டாம். அது அரங்கில் பத்துக் கை மாறும்.

எடை முடிந்ததும் அவள் கையில் முதலில் தண்ணீர், பிறகு வாழைப்பழம், அரை மணி கழித்து இட்லி. ஆட்டப் பட்டியல் ஒட்டியதும் கைப்பேசியில் படம் எடுங்கள், பிரிவும் பெயரும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் சொல்ல வேண்டும், பிறகு யாரும் திருத்தமாட்டார்கள்.

முடிந்ததும் களைப்பில் உடனே கிளம்பிவிடாதீர்கள். பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் பங்கேற்புச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, எடைப் பிரிவு, வரிசை எண், கையெழுத்து ஐந்தையும் அங்கேயே நின்று பாருங்கள். போன டிசம்பரில் என் மகளின் சான்றிதழில் அவள் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மேஜையை மடித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, புதிது எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆட்டோ பிடித்தோம்.